கிராக்கோவ் யூதப் பண்பாட்டு விழா: கேள்வி பதில்

போலந்தின் கிராக்கோவ் நகரில் கோடையில் நடக்கும் யூதப் பண்பாட்டு விழாவுக்கு நான்கு முறை போய் வந்திருக்கிறேன். போக நினைப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, அங்கே இப்போது யூதர்களே மிகக் குறைவு என்கிறார்கள். அப்புறம் யாருக்காக இந்த விழா?

இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராக்கோவில் 60,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள், ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். பிழைத்தவர்களிலும் பலர் போலந்தில் தங்கவில்லை. 1968-ல் அரசே யூதர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தபோது இன்னும் பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1988-ல், கம்யூனிச ஆட்சியின் கடைசிக் காலத்தில், யானுஷ் மாகுஹ், க்ஷிஷ்தோஃப் கெராட் என்ற இருவர் இந்த விழாவைத் தொடங்கினார்கள். இருவரும் யூதர்கள் அல்லர். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களைப் பறிகொடுத்த ஓர் ஊர், அவர்கள் யார், என்ன பாடினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடித் தெரிந்துகொள்கிறது. நான் இந்த விழாவை அப்படித்தான் பார்க்கிறேன். கேட்க வருபவர்களில் நிறையப் பேர் போலந்துக்காரர்கள். அந்த ஊரில் வேர் உள்ள யூதக் குடும்பங்களும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன.

சார், கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரியும். கிளெஸ்மர் இசை காதில் ஏறுமா?

உங்களுக்குச் சுலபமாகவே ஏறும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை அது. நம்மூர் நாதஸ்வரக் குடும்பங்களைப் போலத் தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் உண்டு. 'கிளெஸ்மர்' என்பது எபிரேயத்தில் 'இசைக்கருவி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. முதலில் வாசிப்பவரைத்தான் அப்படி அழைத்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் இளைஞர்கள் இந்த இசையை மீட்டெடுத்த பிறகே அது இசைக்கான பெயராகப் பரவியது.

அதில் அடிக்கடி வரும் ஃப்ரைகிஷ் என்ற சுர அமைப்பைப் பாடிப் பாருங்கள்: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். நம் வகுளாபரணத்தின் சுரங்கள்! மி ஷெபேராக் என்ற இன்னொன்றில் ஹேமவதியின் சுரங்கள் வரும். சுரங்கள்தான் ஒன்று, நடை வேறு. கமகத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். அங்கே கிரெக்ட்ஸ் என்று ஒன்று உண்டு, சுரத்தின் முடிவில் தொண்டை விம்முவது போன்ற சின்ன வெட்டு. கிளாரினெட்டில் அதைக் கேட்டால் அழுகையா சிரிப்பா என்று தெரியாது. கிளாரினெட் 19-ஆம் நூற்றாண்டில்தான் முன்னுக்கு வந்தது. அதற்கு முன் வயலினும், சந்தூர் போலச் சின்னச் சுத்தியால் தட்டி வாசிக்கும் ட்சிம்பல் என்ற தந்திக் கருவியும்தான்.

விழாவில் நடக்கும் உரைகள் புரியுமா? நேராகக் கச்சேரிக்குப் போனால் போதாதா?

ஆங்கிலத்திலும் உரைகள் உண்டு. தயவுசெய்து அவற்றைத் தவறவிடாதீர்கள். முதல் முறை நான் கச்சேரிகளுக்கு மட்டும் போனேன், பாதிதான் கிடைத்தது. மோர்தெகாய் கெபிர்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஊரின் காசிமியெஷ் பகுதியில் வாழ்ந்த தச்சர். இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. குழலில் மெட்டுப் போடுவார், நண்பர்கள் எழுதிக்கொள்வார்கள். 1938-ல், ஊர் தீப்பற்றி எரிகிறது, கைகட்டி நிற்காதீர்கள் என்று, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஒரு பாட்டு எழுதினார். 1942 ஜூனில், யூதர்களை மரண முகாமுக்கு விரட்டிக்கொண்டு போன நாளில், யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இதைத் தெரிந்துகொண்டு, அவர் நடந்த தெருக்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர் பாட்டைக் கேளுங்கள். நான் கேட்ட அன்று எழுந்து வரவே மனமில்லை.

அக்கம்பக்கத்து உணவகங்களிலும் கிளெஸ்மர் வாசிக்கிறார்களாமே?

வாசிக்கிறார்கள். நல்ல கலைஞர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சாப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே தெரிந்த நாலு பாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். ஒரு மாலை மட்டுமே கையில் இருந்தால் டெம்பிள் என்ற யூத ஜெப ஆலயத்தில் நடக்கும் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். 1860-களில் கட்டியது, உள்ளே முழுக்கப் பொன் வேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியும். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியர்கள் அதைக் குதிரை லாயமாக வைத்திருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாது அண்ணா. இங்கே பக்கத்தில் ஏதாவது?

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் கூடவே போயின. பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள். மலையாளம் என்பதால் உங்களுக்குப் பாதிக்கு மேல் புரியும்.

இவ்வளவு சாவு நடந்த இடத்தில் ஆடிப் பாடுவது சரியா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

எனக்கும் முதலில் ஒப்பவில்லை. காலையில் ரெமு என்ற யூதக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள் (சனிக்கிழமை மூடியிருக்கும்; ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும்). உடைந்த கல்லறைக் கற்களையே பதித்து ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பல ஆண்டுகளாக விழாவின் நிறைவுக் கச்சேரி அங்கிருந்து சில அடி தூரத்தில், ஷெரோகா தெருவில், ஆயிரக்கணக்கானோர் நடுவே நடந்து வந்தது. அங்கே நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். தொப்பி அணிந்த யூத முதியவர் ஒருவர் வந்து ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து ஆட்ட வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார். நானும் ஆடினேன்.