அறுத்த வலைக்குக் காசு

அன்புள்ள ஐயா,

நான் இராமநாதபுரத்துக்காரி. மதுரையில் முதுகலை படிக்கிறேன். சட்டமன்றத் தேர்தலை ஒட்டி நானும் தோழிகளும் சேர்ந்து, நம் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளிலும் நிற்கப்போவதாகச் சொல்லப்படுபவர்களுக்குப் பத்துக் கேள்விகள் அனுப்பினோம். தெருநாய்க் கருத்தடை, லாரியில் மாடுகளை அடைத்துக் கொண்டுபோவது, கோயில் பலி, கடலாமை என்று விலங்குகள் தொடர்பான சட்டங்களில் உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்டிருந்தோம். ஒருவரின் உதவியாளர் மட்டும் "அண்ணன் வீட்டில் மூன்று நாய் வளர்க்கிறார்" என்று வாட்ஸப்பில் பதில் போட்டார். மற்றவர்களிடமிருந்து அதுகூட இல்லை.

போன மாதம் அரியமான் கடற்கரைக்குப் போனபோது ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. பத்தடி தள்ளி ஒருவர் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் கடலில் இருக்கிற உயிர்கள்மேல் இரக்கமே கிடையாதா? நாங்கள் யாருக்குத்தான் ஓட்டுப் போடுவது? இல்லை, நோட்டாவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் நீக்கியிருக்கிறேன்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பாம்பனிலிருந்து என் பழைய நண்பர் ஒருவர் போன் செய்து, வலை விற்கிற விலையைப் பற்றி நெடுநேரம் புலம்பியிருந்தார். இல்லையென்றால் உங்களுக்கு இரண்டு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன்.

வாழ்த்து உண்டு, அதை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் நாங்கள் சுவரில் சின்னம் வரைந்தவர்கள். வேட்பாளரிடம் கேள்வி கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை.

மூன்று நாய் வளர்க்கும் அண்ணனைக் கோபிக்காதீர்கள். அவருக்கு நிலைப்பாடு என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்துவிட முடியும்? 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா சொன்ன பக்கம் கை தூக்குவதுதான் உறுப்பினர் வேலை. அமைச்சர் அல்லாத உறுப்பினர் தானே கொண்டுவருகிற தனிநபர் மசோதா என்று ஒரு வழி இருக்கிறது. நாடாளுமன்றத்தில் இதுவரை அப்படிச் சட்டமானவை மொத்தமே 14, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். விலங்குகளுக்காக அந்த வழியில் போய்ப் பார்த்தவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி வதை செய்தவனுக்கு முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தொகை நகரவில்லை. மதுரையில் நீங்கள் குடிக்கும் ஜிகர்தண்டாவுக்கு அதைவிடக் கூடக் கொடுப்பீர்கள். 2022இல் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

நம் மாநிலத்துக் கதை இன்னும் வேடிக்கை. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னால் தேர்தல் ஆணையமே, போதுமடா சாமி என்று, புதிதாக விலங்கு, பறவைச் சின்னங்கள் தருவதை நிறுத்திவிட்டது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் கோயிலில் கிடா வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1950ஆம் வருஷச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். கிராமங்கள் கொதித்தன. 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள், அதே ஆட்சியில். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் நின்றது. 23ஆம் தேதி சட்டமன்றம் சல்லிக்கட்டுக்காக ஒருமனதாகச் சட்டத்தைத் திருத்தியது. அந்த அவையில் மாட்டைப் பற்றித் தனி நிலைப்பாடு வைத்திருந்த உறுப்பினர் ஒருவராவது இருந்திருப்பார், எங்கே போனார்? உங்கள் பத்துக் கேள்விக்குப் பின்னால் எத்தனை தலை நிற்கிறது என்று அந்த உதவியாளர் எண்ணிப் பார்த்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

தெருநாய்ப் பிரச்சினைக்குள் நான் வரவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஓர் உத்தரவைப் போட்டுப் பதினோரு நாளில் மாற்றிக்கொண்டது. நான் எம்மாத்திரம்.

ஆனால் அந்த வலைக்காரரைப் பற்றி எழுதினீர்களே, அதை விடுவதாக இல்லை.

நீங்கள் அழுதது சரி. அழாமல் இருந்தவருக்கு உடனே ஒரு தீர்ப்பு எழுதினீர்கள் பாருங்கள், அது என்ன நியாயம், தாயி? எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்று அவரும் அழுதிருக்க வேண்டுமா? ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துப்போகிற இழுவைமடி வலைக்குள் மாட்டி மணிக்கணக்கில் இழுபட்டால் மூச்சு முட்டித்தான் சாகும். மதுரையில் ஓட்டலில் நீங்கள் சாப்பிடும் கடல் இறாலில் பாதி அந்த மடியில் வந்ததாகத்தான் இருக்கும். ஆமை வெளியேற மடியில் பொருத்துகிற கருவி இருக்கிறது. அதைப் பொருத்துவதில்லை என்று சொல்லி அமெரிக்கா நம் கடல் இறாலை வேண்டாமென்று வைத்தே சில வருஷங்கள் ஆயின. நீங்கள் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து தன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் இரக்கம் இல்லை.

அவர் ஏன் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்கிறேன். கடலாமை, வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. செத்த ஆமைக்குப் பக்கத்தில் நிற்பவனிடம்தான் "யார் வலையிலடா செத்துச்சு?" என்ற முதல் கேள்வி வரும். நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

நான் பையனாக இருந்தபோது சட்டம் இன்னும் எங்கள் கரைக்கு வந்து சேரவில்லை. பேராமைகளை வரிசையாக மல்லாக்கப் போட்டிருப்பார்கள். முன்துடுப்பு இரண்டிலும் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, வயிற்றுக்கு மேலாக இழுத்துக் கட்டியிருக்கும். வெயில் ஏறினால் ஓலையைப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். உயிரோடு போனால்தான் விலை. கண்ணோரத்தில் கொழகொழவென்று நீர் வழிந்து, அதில் மணல் ஒட்டி, ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். நான் அழுதேன். அப்பத்தா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "அது அழுவலடா, உள்ள இருக்கிற உப்பத் தள்ளுது" என்றாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். பிற்பாடு புத்தகத்தில் படித்தால் அதேதான் எழுதியிருக்கிறது, கண்ணுக்குப் பக்கத்துச் சுரப்பி வழியாக உப்பைக் கழிக்கிறது என்று. அன்று ராத்திரி வீட்டில் ஆமைக்கறி. நன்றாகத்தான் இருந்தது.

அதே அப்பத்தா ஆவுளியாக் கறியை வாசல்படி ஏற்ற மாட்டாள். நீங்கள் கடல்பசு என்று படித்திருப்பீர்கள். "குட்டியைக் கக்கத்துல வச்சுப் பால் கொடுக்கிற ஜாதி அது" என்பாள். பக்கத்துத் தெருவில் தின்றார்கள், எங்கள் வீட்டில் இல்லை. எந்தச் சட்டமும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது நண்பர் கதை. சில வருஷங்களுக்கு முன் அவருடைய திருக்கை வலையில் ஓர் ஆவுளியா சிக்கியது. அவரும் மகனும் வள்ளத்தில் இருந்தார்கள். இழுத்துப் பார்த்தால் உயிர் இருக்கிறது. முறுக்கிக்கொண்டதில் வலை மொத்தமும் அதன்மேல் சுற்றியிருக்கிறது. கத்தியை எடுத்து அறுத்தார்கள். அது முகத்தை மேலே தூக்கி, மூடியிருந்த மூக்குத் துளை இரண்டையும் திறந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டதாம். மேலுதட்டு மயிரில் கடற்புல் துணுக்கு ஒட்டியிருந்ததாம். அப்புறம் தண்ணீரில் இறங்கிவிட்டது. பாதி வலையும் அதோடு போயிற்று. நூல், மிதவை, ஈயக்குண்டு எல்லாம் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் போட்டது. முன்பணம் வாங்கினால் பிடிக்கிற மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்குப் போட வேண்டும். வலை போனாலும் முன்பணம் நிற்கும்.

நண்பர் கொஞ்சம் வெள்ளந்தி. ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். காலையில் போனவரைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து, என்ன வலை, எந்த இடம், தீவுப்பக்கம் எதற்குப் போனாய் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். விழாவில் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள் என்று ஒருவர் ஆறுதல் சொன்னாராம். கூப்பிடவில்லை. அன்றைய தொழிலும் போயிற்று. என்னிடம் சொன்னார்: "இங்க பாரு மாப்ள, இனிமே சிக்குனாலும் அறுத்துத்தான் விடுவேன். ஆனா ஒருத்தன்ட்டயும் சொல்ல மாட்டேன். செத்துச் சிக்குச்சுன்னா கல்லக் கட்டி உள்ள விட்டுருவேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். உங்கள் பத்துக் கேள்வியிலும் இது இல்லை. செத்த ஆவுளியா கல்லோடு கீழே போனால், எதனால் செத்தது என்று சோதித்துப் பார்க்க உடல் இல்லை. எந்த வலையில், எந்த மாதத்தில், எந்த இடத்தில் சாகிறது என்று எவருக்கும் தெரியாது. மூன்றிலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒரு குட்டி போடுகிற ஜீவன் அது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில், 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். அதற்குத் தெற்கே நம் கடலிலும் கடற்புல் இருக்கிறது, ஆவுளியா மேய்கிறது, வலையும் விழுகிறது. அங்கே அதன் உயிர், அறுக்கலாமா வேண்டாமா என்று வள்ளத்தில் ஒருவர் யோசிக்கிற அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது. அந்த அரை நிமிஷத்தில் அவருக்கு முன்பணம்தான் நினைவுக்கு வரும். வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

மகாராஷ்டிரத்தில் 2018 கடைசியிலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. பாதுகாக்கப்பட்ட கடல் உயிர் வலையில் சிக்கினால், வலையை அறுத்து விட்டுவிட்டு, விட்டதைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டியது. வலைக்கு 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு. குஜராத்தில் அதற்கு முன்பே திமிங்கலச் சுறாவுக்கு இப்படிச் செய்தார்கள். அதைக் குத்திக் கொன்று விற்றுப் பிழைத்த அதே வேராவல் கரைக்காரர்கள்தான் அறுத்துவிட ஆரம்பித்தார்கள். நம் மாநிலத்திலும் ஆவுளியாவை விட்டவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டி ரொக்கம் கொடுத்ததுண்டு. பாராட்டு, கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது. நான் கேட்பது இத்தனை நாளில் இவ்வளவு என்று எழுதி வைத்த காசு. கேட்டு வாங்குகிற காசு.

முடியாதா? வருஷா வருஷம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது, மீன் இனம் பெருகட்டும் என்று. இதுவும் உயிர்களுக்கான சட்டம்தானே? இதை ஏன் இந்தக் கரை ஏற்றுக்கொண்டது? எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பது ஒன்று, நிவாரணம் உண்டு என்பது இன்னொன்று. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அந்த நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். போதவில்லை என்று சண்டை நடக்கிறது, நடக்கட்டும். கடலுக்காகத் தொழிலை விட்டவனுக்குக் காசு தர வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டாயிற்று. வலையை விட்டவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

கடல் அட்டையிலும் இதேதான் நடந்தது. 2001இல் ஒரே அறிவிப்பில் அதை வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் போட்டார்கள். முந்தின நாள் வரை முங்கி எடுத்து வயிறு வளர்த்தவர் மறுநாள் குற்றவாளி. அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், ஆகவே இங்கிருந்து அங்கே கடத்துகிறார்கள். தடை சரியா தப்பா என்பது பெரிய விவகாரம், இப்போது வேண்டாம். "நாளையிலிருந்து நீ என்ன செய்வாய்?" என்று ஒருவர்கூட அன்று அவரைக் கேட்கவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

ஆகவே பத்துக் கேள்வியை மடித்து வைத்துவிட்டு ஒன்றைக் கேளுங்கள். ஆமைக்காகவோ ஆவுளியாவுக்காகவோ வலையை அறுத்தவருக்கு எவ்வளவு, எத்தனை நாளில், எந்த அலுவலகத்தில்? இதற்குச் சட்டம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும். "அதெல்லாம் டெல்லி விஷயம்" என்று நழுவினால், மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, வன உயிரினம் பொதுப்பட்டியலில் இருக்கிறது என்று சொல்லுங்கள். மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து பேச எந்தக் கொறடாவும் தடுக்கப்போவதில்லை.

வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். தங்கச்சிமடத்துக்கோ தொண்டிக்கோ அவர் கும்பிட்டுக்கொண்டு வருகிற அன்று, வலைக்காரர்களோடு போய் நின்று கேளுங்கள். அதற்கு முன்னால் அரியமானில் பார்த்த அந்த மனிதரிடம் போங்கள். ஆமையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். வலை என்ன விலை, யாரிடம் முன்பணம் என்று கேளுங்கள். அவராகவே ஆமையைப் பற்றிச் சொல்வார், உங்களுக்குத் தெரியாத நாலு விஷயம் சொல்வார்.

யாருக்கு ஓட்டு என்பதை நான் சொல்வதாக இல்லை. நோட்டாதான் என்றால் அதற்காக மதுரையிலிருந்து பஸ் செலவு செய்துகொண்டு வராதீர்கள். கோயில் பலி பற்றிய கேள்விக்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். அதில் எனக்கும் என் வீட்டாருக்கும் பழைய சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது.