கட்ஆஃப் 171.5, கையில் 140 கல்லூரிகள்: பொறியியல் கலந்தாய்வுக்குப் பட்டியலை எப்படிச் சுருக்குவது?

மகளுக்குக் கட்ஆஃப் (கணக்கு, இயற்பியல், வேதியியல் சேர்த்து 200க்கு) 171.5, பிசி, இசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) அல்லது இஇஇ (மின், மின்னணுவியல்) வேண்டும், கையில் இருக்கும் 140 கல்லூரிகளைப் பத்தாகச் சுருக்குவது எப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் என் அக்கா மகளுக்காக இதே வேலையை நான் பார்த்தேன். அவளுக்கும் கிட்டத்தட்ட இதே மதிப்பெண்தான்.

முதலில், 140ஐப் பத்தாகச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கலந்தாய்வின் சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது விருப்பமான கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் இடத்தில், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். எட்டாது என்று நினைக்கும் கல்லூரியை உச்சியில் போட்டாலும் நஷ்டம் இல்லை. சேரவே மாட்டோம் என்கிற கல்லூரியை "சும்மா இருக்கட்டும்" என்று கடைசியில் போட்டு வைப்பதுதான் ஆபத்து, அதுவே வந்து விழும். வெட்ட வேண்டியது அவற்றைத்தான்.

ஒரு கல்லூரியின் போன வருடக் கட்ஆஃபை, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கணக்கு வினாத்தாள் சுலபமாக இருந்த வருடத்தில் போன வருட 171 இந்த வருடம் 174 ஆகிவிடும். தரவரிசை எண்ணை ஒப்பிடுவது இன்னும் நம்பகமானது. உங்கள் மகளின் பிசி தரவரிசையை, அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த பிசி மாணவரின் தரவரிசையோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்து வேலைவாய்ப்பு. பஸ் ஸ்டாண்டு எதிரே வைத்திருக்கும் பிளெக்ஸை நம்பினால் தமிழ்நாட்டில் வேலை இல்லாத இன்ஜினியரே கிடையாது. மூன்று நிறுவனங்களில் தேர்வான ஒரே பையனை மூன்றாக எண்ணும் இடங்களும் உண்டு. நான் பார்த்தது வேறு. என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், அதற்குக் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருப்பார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பள வரிசையில் நட்டநடுவே இருப்பவருக்கு எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். கல்லூரி முழுவதற்குமான கணக்குதான், பிரிவு வாரியாக இருக்காது. ஆனாலும் "அதிகபட்ச சம்பளம்" என்று பெரிய எழுத்தில் போடுவதை விட இது எவ்வளவோ மேல். எங்கள் பட்டியலில் பாதி இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே காலியானது.

தேர்ச்சி விகிதம் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் வினாத்தாளைத் தாங்களே தயாரிக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் 60 சதவீதத்தையும் தன்னாட்சிக் கல்லூரியின் 90 சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பர்கூர், போடி, தருமபுரி போன்ற அரசுக் கல்லூரிகளைத் தூரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கட்டணத்தில் தனியார் கல்லூரிகள் கிட்டவே வர முடியாது.

அப்புறம், மனதுக்குப் பிடித்த ஏழெட்டுக் கல்லூரிகளை ஒரு சாதாரண வேலை நாளில் போய்ப் பாருங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார வைத்து ஜூஸ் கொடுப்பார்கள், குடித்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் லேபில் கருவியை நாமே தொட முடியுமா, வகுப்பாசிரியர் எத்தனை முறை மாறினார் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கல்லூரிப் பேருந்து உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேளுங்கள். காலை 5.45 என்றார்கள் ஓர் இடத்தில். அக்கா மகளே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

கலந்தாய்வுக்கான யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபியை எந்த "கன்சல்டன்சி" ஆளிடமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எங்கள் கூத்து. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. நான் அவசரத்தில் தப்பான குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்து நான்காம் இடத்தில் போட்டிருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் அக்கா எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நோட்டில் எழுதியிருந்ததோடு சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அக்கா மகளுக்கு முதலில் கிடைத்தது எங்கள் பட்டியலில் பதினொன்றாவது. அதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளவற்றுக்கும் காத்திருக்கும் வாய்ப்பைக் கொடுத்தோம், ஏழாவது வந்தது. இப்போது அங்கே மூன்றாம் ஆண்டு இசிஇ. பேருந்து 6.50க்கு.