தொற்றுநோய்ப் பரவலின்போது அமைக்கப்படும் அவசரகால ஒருங்கிணைப்பு மையம் என்றால் என்ன?

மருத்துவமனை, ஆய்வகம், காவல்துறை, உள்ளாட்சி எனப் பிரிந்து இயங்கும் துறைகளை ஒரே பொறுப்பாளரின் கீழ் கொண்டுவரும் ஏற்பாடே இது. கோப்பு மேசைக்கு மேசை நகர்வதற்குள் நோய் அடுத்தவரைத் தொற்றிவிடும் என்பதே இதற்குக் காரணம். கல்யாண வீட்டில் பந்தி பார்ப்பவரும் சமையல் பார்ப்பவரும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னால், இலை போட்ட பிறகும் சோறு வராது.

2014 ஜூலையில் லாகோஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியால் எபோலா நைஜீரியாவுக்குள் நுழைந்தபோது, போலியோ ஒழிப்பில் பழகிய ஆட்களையே அந்நாட்டினர் இம்மையத்தின் பொறுப்பில் அமர்த்தினார்கள். தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரை, 21 நாட்கள் வரை, வீடு தேடிச் சென்று காய்ச்சல் பார்த்தார்கள். 20 பேருக்கு நோய் கண்டு 8 பேர் இறந்தனர். அக்டோபர் 20 அன்று பரவல் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அத்தனை நெரிசலான நகரில் இது பெரும் சாதனை.

ஒற்றைத் தலைமை என்றால் ஒருவரே எல்லாவற்றையும் தீர்மானிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், வாசலில் நிற்கும் பணியாளர் கண்டது அன்றே பொறுப்பாளரை எட்டுவதற்கான வழி அது.