அப்பாவின் நுரையீரல் கட்டி

மன்னார்குடித் தம்பிக்கு, அப்பாவின் நுரையீரல் ஓரத்துச் சிறு கட்டியை ‘வழிகாட்டும் கருவி’ வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கல்லணை தாண்டிய காவிரி கடைமடை வரை கிளைப்பதுபோலத்தான் மூச்சுக்குழாயும். மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான சாதாரண பிராங்கோஸ்கோப் பெரிய வாய்க்கால்களோடு நின்றுவிடும். நீங்கள் கேட்ட வழிகாட்டும் கருவியிலோ சி.டி. ஸ்கேனிலிருந்து கணினி முப்பரிமாண வரைபடம் தயாரிக்கிறது. படுக்கைக்கு அடியிலிருந்து வரும் காந்தப்புலத்தால், உள்ளே விட்ட கருவிக் குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும். மார்பில் ஊசி குத்திச் சதை எடுப்பதைவிட நுரையீரலில் காற்றுக் கசியும் ஆபத்து குறைவு. ஆனாலும் போதிய சதை கிடைக்காமல் மறுபடி செய்ய நேரலாம்.

பிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் பதிவான குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுக்கும் சதையைக் காசநோய்க்கும் சோதிக்கச் சொல்லுங்கள்; நம் நாட்டில் இப்படிப்பட்ட கட்டி பலருக்கு அதுவாகவே முடிகிறது.