பேட்மேனுக்கு ஜலதோஷம்

ஞாயிறு மாலை பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். சூப்பர் ஹீரோ கார்ட்டூன் தொடர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக விமர்சனம் எழுதிவருகிறவன் என்பதால், பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நடுவில் மழை பிடித்துக்கொள்ள, பாதிக் கேள்விகளை மாடிப்படியில் நின்றே கேட்டார்கள்.

கல்லூரி மாணவர்: அண்ணா, நான் எழுதுவதெல்லாம் கதைச் சுருக்கமாகவே போய்விடுகிறது.

நானும் அங்கேதான் வழுக்கி விழுந்தேன், தம்பி. கதையை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1992-இல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரில் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்றொரு அத்தியாயம். பால் டினி எழுத, புரூஸ் டிம் இயக்கியது. அதில் பேட்மேனுக்கு ஜலதோஷம். அவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் ஒரு பிளாஸ்கில் சுடச்சுடக் கோழி சூப் கொடுத்தனுப்புகிறார். நம் வீடாக இருந்தால் மிளகு ரசம். பார்க்கிற நாமும் சிரித்துவிட்டு மறந்துபோகிறோம். கடைசிச் சண்டையில் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸின் குளிர்ந்த கண்ணாடிக் கவசத்தை விரிசல் விடச் செய்வது அந்தச் சூடான சூப்தான்! சுமார் 22 நிமிடக் கதையில் வீணான பொருள் ஒன்றுகூட இல்லை. ஃப்ரீஸின் கையிலுள்ள பனி உருண்டைப் பொம்மையும் அப்படித்தான். கதை அதில் தொடங்கி, சிறை அறையில் அதிலேயே முடிகிறது. சூப்பையும் பொம்மையையும் பின்தொடர்ந்து எழுதினாலே விமர்சனம் வந்துவிடும்.

ஜெயநகரிலிருந்து வந்த பெரியவர்: அந்தத் தொடர் ஏன் அவ்வளவு இருட்டு? என் டிவிதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

டிவி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. வழக்கமாக வெள்ளைத் தாளில் பின்னணி வரைவார்கள். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ராடம்ஸ்கி கறுப்புத் தாளில் வரையச் சொன்னார். வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணம். மற்றதெல்லாம் தாளின் இருட்டு.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: ஒரே கதையின் முதல் பாகம் சுமார், இரண்டாம் பாகம் பிரமாதம். எப்படி?

அதே தொடரின் 'ஃபீட் ஆஃப் கிளே'யைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் பாகத்துக்கு உயிரூட்டியது கொரியாவின் ஏகாம் நிறுவனம். இரண்டாவதற்கு ஜப்பானின் டோக்கியோ மூவி ஷின்ஷா. இரண்டாவதன் முடிவில், திரைகளில் தன் பழைய வேடங்கள் ஓட ஓட, முன்னாள் நடிகனான வில்லன் கிளேஃபேஸின் களிமண் உடல் அடக்க முடியாமல் ஒவ்வொன்றாக மாறுகிறது. அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் பாருங்கள், கைவித்தை தெரியும். அதனால்தான் வரைந்த நிறுவனத்தின் பெயரைக் குறிக்காமல் படத்தைத் திட்டாதீர்கள் என்கிறேன். வரைந்தவர்கள் மேல் விழ வேண்டிய அடி எழுத்தாளர் மேல் விழும்.

அவரே: எந்த வரிசையில் பார்ப்பது?

தயாரான வரிசையில். முதலில் தயாரானது 'ஆன் லெதர் விங்ஸ்'. ஆனால் 1992 செப்டம்பர் 5 அன்று முதலில் ஒளிபரப்பானது 'தி கேட் அண்ட் தி கிளா'வின் முதல் பாகம். அதன் இரண்டாம் பாகம் வர ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

எட்டு வயதுப் பையனின் தாய்: கார்ட்டூன்தானே என்று எதையும் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது, அக்கா. 2021-இல் வந்த 'இன்வின்சிபிள்' பெரியவர்களுக்கானது. முதல் அத்தியாயத்தின் கடைசி நிமிடங்களில் ரத்தம் ஆறாக ஓடும். பையனோடு பழைய பேட்மேனைப் பாருங்கள். அதிலும் சிலவற்றை நீங்கள் முதலில் பார்த்துவிட வேண்டும்.

மாணவர் மறுபடியும்: பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

போடுவதில்லை. முன்பு போட்டேன், எல்லாரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாணவர்: எழுத நேரம் எங்கே கிடைக்கிறது?

பஸ்ஸில். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் ஓர் அத்தியாயத்தை இரண்டு முறை பார்த்துவிடலாம், தம்பி.