பழைய கோயில், நடுகல் இவற்றைப் பழுதுபார்க்கும் வேலையைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் செய்ய முடியுமா?

முடியும். நான் கட்டடப் பொறியாளர் இல்லை, தருமபுரிப் பக்கம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கமிட்டியில் கணக்கு எழுதுகிறவன். இரண்டு திருப்பணிகளைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு நோட்டை வைத்துச் சொல்கிறேன்: செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்வதில்தான் பெரிய கேடு இருக்கிறது.

முதல் திருப்பணி நான் காலேஜ் படிக்கும்போது நடந்தது. கருவறைச் சுவர் கருங்கல், மேலே விமானம் மட்டும் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். சுதை அங்கங்கே உதிர்ந்திருந்தது. வேலை எடுத்தவர் அதன் மேலேயே சிமென்ட் பூசி, அதற்கு மேல் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கும்பாபிஷேகத்தன்று பார்க்க அமோகமாக இருந்தது. நாலைந்து மழைக்காலம் தாண்டுவதற்குள் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது, ஒரு கருடனுக்குக் கை விழுந்தது. காரணம் ரொம்ப எளிது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியேயும் விட்டுவிடும், சிமென்ட்டும் எனாமலும் விடாது. விரிசல் வழியாகப் போன தண்ணீர் உள்ளேயே தங்கி, செங்கல்லில் இருக்கும் உப்பைக் கரைத்து, காயும்போது அந்த உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அடுத்த திருப்பணி வந்தபோது அத்தனையையும் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. சிமென்ட் தனியாக வரவில்லை, நல்ல செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டு டிராக்டர் லோடு. எங்கே கொட்டினீர்கள் என்று கேட்காதீர்கள், ஏரிக்கரையில்தான். ஆக ஒரே விமானத்துக்கு இரண்டு முறை சிமென்ட், மணல், பெயின்ட், லாரி வாடகை எல்லாம் ஆகியிருக்கும், காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான மேஸ்திரி மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால்.

"சுண்ணாம்புல கட்டுனதுக்குச் சுண்ணாம்புதான் சாமி ஒட்டும்" என்றார். பெரியப்பாதான் கமிட்டித் தலைவர், அவருக்கு நாள் தள்ளிப் போகிறதே என்று கவலை. கடைசியில் விமானத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். தொட்டி கட்டிச் சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு மணலோடு அரைத்தார்கள். அந்தத் தண்ணீர் புளித்து மண்டபமே கள்ளுக்கடை மாதிரி மணந்தது. பூசிய பிறகு அவசரமாகக் காயவிடக் கூடாது, சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் இதைச் செய்தால் டேங்கர் தண்ணீருக்கே சொத்து எழுத வேண்டும், அதனால் ஐப்பசி மழை விட்ட பிறகுதான் ஆரம்பித்தோம். பொருள் செலவு குறைந்தது, கூலி ஏறியது. கூலி நம்ம ஆட்களுக்குத்தானே போகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை.

சுண்ணாம்பு சுத்த பசுமையா என்றால் அதுவும் இல்லை. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், மிச்சம் 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். ஆனால் பூசிய காரை காற்றிலிருந்து அதே வாயுவை உறிஞ்சித்தான் திரும்பக் கல்லாக இறுகுகிறது, போனதில் பெரும்பங்கு மெல்ல மெல்லத் திரும்பி வரும். சூளையில் எரித்த விறகோ கரியோ மட்டும் திரும்பாது. சுண்ணாம்புக்குச் சுமார் 900 டிகிரி போதும், சிமென்ட் சூளைக்கு 1450 டிகிரி வரை சூடு வேண்டும். உலகத்தில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்துதான் வருகிறது.

அப்புறம் கல்லைச் சுத்தம் செய்வது. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் இல்லாத பக்கமே கிடையாது, பல இடங்களில் அதைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். எங்கள் ஊர் வேடியப்பனுக்குப் பையன்கள் ஆசையாக எனாமல் அடித்துவிட்டார்கள், குறி வைத்து நிற்கும் வில் பச்சை, வீரன் மஞ்சள். அதை எடுக்கிறேன் என்று ஒருவர் ஆசிட்டும் கம்பி பிரஷ்ஷுமாக வந்தபோது தடுத்ததுதான் நான் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம். பெயின்ட் அசிங்கம்தான், ஆனால் எழுத்து அதன் அடியில் இருக்கிறது, பிரஷ் போட்டால் எழுத்தும் போய்விடும். மணலைப் பீய்ச்சி அடித்துக் கோயில் கல்லைச் சுத்தம் செய்யும் முறையைத் தமிழ்நாட்டில் தடை செய்ததற்கும் இதே காரணம்தான், உளியால் செதுக்கிய கோடுகளின் கூர்மை எல்லாம் மழுங்கிவிடும். தூசியும் பாசியும் என்றால் வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். விடாப்பிடியான எண்ணெய்ப் பிசுக்குக்கு என்ன செய்வது என்பதைத் தொல்லியல் துறைக்காரர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, இயற்கைப் பொருள் என்றாலே நல்லது என்று நம்பாதீர்கள். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, சுதைச் சிற்பத்தில் தேய்த்தால் அந்தப் புளிப்பு சுண்ணாம்பையே அரித்துவிடும்.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் விதானம் முழுக்க ஓவியம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இடத்தில் விலை உயர்ந்த ரசாயனத்தைவிட மேலே தளம் ஒழுகாமல் இருப்பது முக்கியம், மழைத்தண்ணீர் போகும் குழாயில் இலை அடைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். ஏசி போட்ட அருங்காட்சியகங்கள்கூட இப்போது இறங்கி வந்துவிட்டன. 2014 வாக்கில் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து, பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 டிகிரி வரை ஏறி இறங்கினால் பரவாயில்லை என்று வரம்பைத் தளர்த்தின, கரண்ட் மிச்சம். நம்ம நடுகல்லுக்கு அந்தக் கவலையும் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு புரட்டாசியிலும் இரண்டு பேர் விமானத்தில் ஏறி, முளைத்திருக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் விரல் தடிமன் ஆவதற்குள் பிடுங்கிவிடுவார்கள். விட்டுவைத்தால் வேர் செங்கல்லைப் பிளக்கும், பிறகு ஆசிட் ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அரை நாள் வேலை. போன வருஷம் நோட்டில் நான் எழுதிய செலவு டீ, வடை, ஒரு புது அரிவாள்.