எஃப்.சி. காட்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்துச் சக்கர லாரி, வயது 9. இப்போது வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெயின்ட், டிங்கரிங், ஸ்டிக்கர் என்றே பாதிப் பணம் போய்விடுகிறது. உண்மையில் எதை முதலில் பார்க்க வேண்டும்?
– வாசகர், சங்ககிரி

பதில்: பிரேக்கை. அதற்கு அடுத்து ஸ்டீரிங், பிறகு டயர். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மீதி வேலைகளை ஒரே நாளில் முடித்துவிடலாம். பெயின்ட் அடித்த வண்டி பளபளவென்று நிற்கும், ஆனால் கொல்லிமலை இறக்கத்தில் வண்டியை நிறுத்தப்போவது பிரேக் லைனிங்தான்.

பட்டறைக்கு விடும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பிரேக்குக்கான ஏர் (அழுத்தக் காற்று) முழுவதும் ஏறும்வரை இன்ஜினை ஓட விட்டு அணையுங்கள். ஒருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கேஜைப் பார்க்க வேண்டும். மிதித்தவுடன் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதன்பின் ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அளவு) மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரைச் சேம்பர் (சக்கரத்தருகே காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் டப்பா), ஹோஸ் முனை, பெடலோடு சேர்ந்த டூயல் பிரேக் வால்வ் மேல் தடவினால் இடம் தெரிந்துவிடும். பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து விட்டு ஏரைக் குறைத்துக்கொண்டே போங்கள். குறைந்த அழுத்தத்துக்கான பஸர் அடிக்கிறதா என்றும் இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது புஷ் ராட், அதாவது சேம்பரிலிருந்து வெளியே வந்து பிரேக்கை இயக்கும் கம்பி. பார்க்கிங் பிரேக்கையும் விடுவித்த நிலையில், சேம்பர் வாயருகே ராடின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 6 முதல் 7 பார் அழுத்தத்தில் பெடலை மிதிக்கச் சொல்லி, கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்துகொள்ளுங்கள். டைப் 30 சேம்பரில் 50 மி.மீ., டைப் 24 சேம்பரில் 44 மி.மீ. தாண்டினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. ராடு அளவுக்கு மீறி வெளியே வந்தால் சேம்பருக்குள் டயஃப்ரம் (ராடைத் தள்ளும் ரப்பர் தகடு) முட்டி நின்றுவிடும், தள்ளும் விசை சட்டென்று குறையும். மலை இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும்போது ராடு இன்னும் கொஞ்சம் நீள வேண்டிவரும். சமதரையில் 'பிடிக்குதே' என்று தோன்றிய பிரேக் அங்கேதான் கைவிடும்.

ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் (லைனிங் தேயத் தேய ராடின் அளவைத் தானே சரிசெய்யும் கருவி) உள்ள வண்டியில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருகி அளவைக் கொண்டுவருவது தவறு. அது தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய பொருள். அளவு தவறியிருந்தால் எஸ்-கேம் (லைனிங்கை விரிக்கும் தண்டு) புஷ் தேய்ந்திருக்கும், ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின் ஆடும், அல்லது அட்ஜஸ்டரே செத்திருக்கும். திருகி அனுப்பினால் எஃப்.சி. கிடைக்கலாம், சில வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். லைனிங் மாற்றினால் ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரே கம்பெனிப் பொருளாக மாற்றுங்கள். ஹப் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். சூடானதும் உள்ளே ஊறியது மேலே வரும்.

ஒரு எச்சரிக்கை: பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கூண்டு போல்ட் போட்டு இறுக்காமல் யாரும் பிரிக்கக் கூடாது. ஆளைக் கொல்லும் விசை அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எஃப்.சி. வேலைக்காக ஹப்பைக் கழற்றிக் கிரீஸ் வைத்த பிறகு அது அணையாமல் நின்றால் பதறவேண்டாம். பெரும்பாலும் வீல் சென்சார் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையமான டோன் ரிங்கைத் தொடும்வரை கையால் அழுத்தி வைத்து, வண்டியைக் கொஞ்சம் ஓட்டினால் சரியாகிவிடும். பல்பைக் கழற்றி மறைப்பவர்கள் தங்கள் டிரைவரின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

ஸ்டீரிங்குக்கு மத்திய மோட்டார் வாகன விதி 98 தெளிவாக ஒரு அளவு சொல்கிறது: சக்கரம் திரும்பாமல் ஸ்டீரிங் மட்டும் ஆடுவது 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். டை ராட் எண்டில் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனையில்) காட்டர் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றிவைத்திருக்கும் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. கிங் பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி) பார்க்க, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கிங் பின், நின்றுவிட்டால் வீல் பேரிங்.

டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது (மூன்று சக்கர வண்டிக்கு 0.8). இரட்டைச் சக்கரத்தில் உள் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதையும் பாருங்கள். முன் ஆக்ஸிலில் ரீட்ரெட் (பழைய டயர்மேல் புதுப் பட்டன் ஒட்டிய) டயர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: புதிதாக மினி லாரி வாங்கியிருக்கிறேன். முதல் எஃப்.சி. எப்போது?
– வாசகர், திருப்பூர்

பதில்: கம்பெனியிலிருந்தே முழு பாடியோடு வந்த வண்டி என்றால், பதிவான நாளிலிருந்து 2 ஆண்டுக்கு எஃப்.சி. இருப்பதாகவே கொள்ளப்படும். அதன்பின் வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, 8 தாண்டினால் ஆண்டுதோறும். 2018 நவம்பரில் விதி 62-ஐத் திருத்தியதிலிருந்து இதுதான் கணக்கு. வெறும் சேசிஸ் வாங்கிப் பட்டறையில் பாடி கட்டிய வண்டியை முதலிலேயே ஆய்வுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: லாரியின் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பி சரக்கு இறக்கும் மேடையில் இடிக்கிறது. கொஞ்சம் தூக்கி வெல்டு வைத்துக்கொண்டால் எஃப்.சி.யில் பிரச்சினை வருமா? ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எந்த நிறத்தில் எங்கே ஒட்ட வேண்டும்?
– வாசகர், கரூர்

பதில்: வரும், வர வேண்டும். அந்தக் கம்பி இருப்பதே பின்னால் மோதும் காரோ பைக்கோ லாரிக்கு அடியில் நுழைந்துவிடாமல் தடுக்கத்தான். காரின் பானெட் உயரத்துக்கு மேல் கம்பி போய்விட்டால், மோதும்போது லாரியின் பாடி நேராக முன்கண்ணாடியில் இறங்கும். கார் கம்பெனி கொடுத்த ஏர்பேக், மடங்கும் முன்பகுதி எதுவும் பயன்படாது. காலி வண்டியில் கம்பியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கம்பியின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே குறைந்தது 100 மி.மீ. வேண்டும். இரு முனைகளும் பின் ஆக்ஸிலின் அகலத்தைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் 100 மி.மீ.க்கு மேல் குறையவும் கூடாது. சேசிஸோடு போல்ட் போட்டு இணைத்ததாக இருக்கட்டும். பாடிக் கட்டையில் புள்ளி வெல்டு வைத்தது முதல் மோதலிலேயே பிய்ந்துவிடும். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவோ வெல்டு வைக்கவோ கூடாது. விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். அகலம் 50 மி.மீ., மேலே ஏ.ஐ.எஸ். 090 என்ற வாகனத் தர முத்திரை இருக்க வேண்டும். புதுப் பெயின்ட் நன்றாகக் காயும் முன் ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். மரப்பலகை பாடியில் நேராக ஒட்டினாலும் நிற்காது. அலுமினியப் பட்டியை ரிவெட் அடித்து அதன்மேல் ஒட்டுங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் பேருந்துப் பொறுப்பாளராக இருக்கிறேன். மே மாத ஆய்வுக்கு முன் எதில் அதிகக் கவனம் வேண்டும்?
– வாசகர், தாம்பரம்

பதில்: தளத்தில். 2012 ஜூலையில் உங்கள் பகுதியில்தான், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழ்நாட்டின் தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் முன் நடக்கும் கூட்டாய்வின் பின்னணியில் அந்தக் குழந்தை இருக்கிறாள். அதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள்.

தளத்தில் விரித்திருக்கும் மேட் விரிப்பை முழுவதும் உரித்துவிட்டுப் பாருங்கள். உரிக்காமல் பார்த்தது பார்த்ததாகாது. தினமும் வண்டியைக் கழுவும் தண்ணீர் மேட்டுக்கு அடியில் தேங்கும். பிளைவுட் ஊறி உளுத்துப்போகும், கீழே இருக்கும் இரும்புச் சட்டம் துருவேறும். மேலே மேட் மட்டும் புதிதாகவே இருக்கும். ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மந்தமாகக் கேட்டால் முனையால் குத்திப் பாருங்கள். படிக்கட்டு ஓரம், சக்கர வளைவுக்கு மேல், கியர்பாக்ஸ் பார்க்கும் மூடி ஆகிய மூன்றும்தான் முதலில் போகும் இடங்கள். பிறகு பேருந்தைக் குழிக்கு மேல் நிறுத்தி, உள்ளே ஆளை நடக்கவிட்டுக் கீழிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் உள்ளே தெரிந்தாலும், பலகை அமுங்கினாலும், ஒட்டுப்போடாமல் அந்தப் பலகையையே மாற்றுங்கள்.

அவசர வழி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். திறந்து காட்டச் சொன்னால் பல வண்டிகளில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும், அல்லது சீட் மறிக்கும். தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, பேட்டரி கேபிள் எங்காவது இரும்பில் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டாக்சிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கேட்பார்களா?
– வாசகர், கோவை

பதில்: டிரைவரைத் தவிர 8 பேர்வரை ஏறும், மொத்த எடை 3,500 கிலோவுக்கு மிகாத பயணிகள் வண்டிக்கு விதி 118-இல் 2015-இல் விலக்கு தரப்பட்டது. அது உங்கள் டாக்சிக்கு இன்றும் பொருந்துமா என்று ஆர்.டி.ஓ.விடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட வேனுக்கு 80 கி.மீ. டிப்பர், டேங்கர், பள்ளிப் பேருந்து, அபாயச் சரக்கு வண்டிகளுக்கு 60. ஒயரைக் கழற்றிவிட்டு சான்றிதழை மட்டும் நீட்டினால் ஓட்டிப்பார்க்கும்போது தெரிந்துவிடும்.

கேள்வி: புகை சோதனையில் தேறவில்லை. டீசல் பம்ப் செட்டிங்கைக் குறைத்துக் காட்டலாம் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், கூடலூர்

பதில்: அப்படிக் குறைத்தால் இழுவை போய்விடும். மறுநாளே பழையபடி கூட்டத்தானே போகிறீர்கள்? கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று போதவில்லை என்று பொருள். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: ஏர் ஃபில்டர், பிறகு டர்போவுக்குப் பின்னால் வரும் ஹோஸில் வெடிப்பு, அதன்பின் இன்ஜெக்டர். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வ் சீல், டர்போ சீல் மூன்றில் ஒன்று. பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ் மாசுத் தரம்) வருவதற்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகை அடர்த்தி அலகு), பி.எஸ்.-4க்கு 50. குளிர்ந்த இன்ஜினில் சோதனை செய்தால் நல்ல வண்டிகூடத் தோற்கும். குறைந்தது 15, 20 கி.மீ. ஓட்டிச் சூடான நிலையிலேயே சோதனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: லாரி பட்டறையில் நின்றதில் எஃப்.சி. முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. ஒரு லோடு மட்டும் அடித்துவிட்டுக் காட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 56-இன்படி, எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. பிரிவு 192-இல் முதல் தடவைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதம். அபராதத்தைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். விபத்து நடந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்கக் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். எதிர்த்தரப்புக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடமே வசூலித்துக்கொள்ளச் சொல்லும் தீர்ப்புகளும் உண்டு. ஒரு லோடு வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வுக்குக் கொண்டுபோவதுகூட ரெக்கவரி வண்டியில் இழுத்துச் செல்வதே பாதுகாப்பு.

அடுத்த முறை, முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து நாள் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று, சாலை வரி, நிலுவை சலான் நான்கையும் அதற்கு முன் சரிபார்த்துவிட வேண்டும். சேசிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள், கிரைண்டர் வைக்காதீர்கள். எழுத்தே அழிந்திருந்தால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் மறுபடி குத்த வேண்டும்.

கேள்வி: இனி எஃப்.சி. எல்லாம் மெஷின்தான் என்கிறார்களே, என்ன மாறும்? தோற்றுவிட்டால் என்ன வழி?
– வாசகர், நாமக்கல்

பதில்: தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டது. அங்கே சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு பக்கத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளப்பார்கள். தரையில் ஓட்டி மிதித்தால் நேராக நின்றுவிடும் வண்டியில்கூட, இடது வலது வித்தியாசம் உருளையில் எண்ணாக வந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றியவர்கள் மாட்டுவது இங்கேதான். ஹெட்லைட்டும் அப்படியே. டிம் வெளிச்சம் 10 மீட்டர் தூரச் சுவரில், விளக்கின் உயரத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே விழுமாறு முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்ப் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், வெளிச்சம் சிதறும். இந்த நிலையங்கள் ரிப்பேர் செய்யவோ உதிரிபாகம் விற்கவோ விதி அனுமதிக்கவில்லை. நல்ல ஏற்பாடு. எஃப்.சி. மறுக்கப்பட்டால் என்னென்ன குறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறை உண்மை என்றால் சரிசெய்து மறுபடி காட்டுங்கள். முடிவே தவறு என்று கருதினால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 57-இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அந்தக் குறைப் பட்டியலும், பட்டறை பில்லும், மாற்றிய பாகங்களின் படமும் கையில் இருக்க வேண்டும்.